ரயிலும் காடும்: பிணைக்கைதிகளை மீட்கும் பேச்சு

ஓடும் ரயிலை மறித்துப் பயணிகளைப் பிணையாக வைப்பது விமானக் கடத்தல் அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை. விமானத்தைக் கைப்பற்றியவர் அதை இன்னொரு நாட்டுக்கே கொண்டுபோய்விடலாம். ரயில் தண்டவாளத்தை விட்டு விலகாது. நின்ற இடத்திலேயே நிற்கும். சில மணி நேரத்தில் படை வந்து சுற்றி வளைத்துக்கொள்ளும். பெட்டியைப் பிடித்தவரும் பயணிகளோடு சேர்ந்து அந்தப் பெட்டிக்குள்ளேயே அகப்பட்டுப்போவார். அதன் பிறகு இரு தரப்புக்கும் மிஞ்சுவது இரண்டே வழி: பேச்சு, அல்லது துப்பாக்கி.

இந்தியாவில் அப்படி ஒரு பிற்பகல் 2009 அக்டோபர் 27 அன்று வந்தது. புவனேஸ்வரத்திலிருந்து டெல்லிக்குப் போய்க்கொண்டிருந்த ராஜதானி எக்ஸ்பிரஸை மேற்கு வங்கத்தின் ஜார்கிராம் அருகே, பன்ஸ்தலா என்ற சின்ன நிலையத்தில் ஒரு கூட்டம் மறித்தது. தண்டவாளத்தில் மரங்கள் கிடந்தன. வில், அம்பு, கோடரியோடு நின்றவர்கள் ஓட்டுநர்களை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெட்டிகளின் மேல் சிவப்புச் சாயத்தில் ஒரே கோரிக்கை எழுதப்பட்டது: சத்ரதர் மகாதோவை விடுதலை செய். லால்கர் வட்டாரத்தில் போலீஸ் அட்டூழியத்துக்கு எதிராகத் தொடங்கிய மக்கள் குழுவின் முகமாக இருந்தவர் மகாதோ. மாவோயிஸ்டுகளின் ஆதரவு அந்தக் குழுவுக்கு இருந்தது.

சுமார் ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு மத்தியப் படையினர் ரயிலை மீட்டார்கள். பயணிகள் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மகாதோவும் விடுவிக்கப்படவில்லை.

இந்தச் சம்பவத்தைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஒரு மாதத்தைப் பார்க்க வேண்டும். செப்டம்பர் 26 அன்று மகாதோவைப் பிடிக்கப் போன போலீசார் பத்திரிகையாளர்கள் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தத் தந்திரம் பலித்தது, ஆளும் சிக்கினார். ஆனால் கலவரப் பகுதிக்குள் இரு தரப்பும் நம்பி உள்ளே விடுகிற ஒரே ஆள் பெரும்பாலும் நிருபர்தான். அந்த வேடத்தைப் போலீஸ் ஒருமுறை போட்டுவிட்டால், அடுத்த முறை தூது போக உண்மையான நிருபரை யார் நம்புவார்கள்? அக்டோபர் 20 அன்று சாங்க்ரயில் காவல் நிலைய அதிகாரி கடத்தப்பட்டார். சிறையிலிருந்த பழங்குடிப் பெண்கள் சிலருக்கு ஜாமீன் கிடைத்ததும், இரண்டு நாளில் அவர் விடுவிக்கப்பட்டார். அந்தப் பெண்கள் வெளியே வந்தது நியாயமே. ஆனால் ஓர் அதிகாரிக்கு இவ்வளவு கிடைத்தால் ஒரு ரயிலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட ஐந்து நாள் போதுமானதாக இருந்தது.

ரயிலுக்குள் நடந்த பேச்சுவார்த்தை முழு அளவில் பதிவாகியிருப்பது நெதர்லாந்தில். இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்த வீரர்கள் டச்சு ராணுவத்தில் பணியாற்றியவர்கள். 1951இல் குடும்பத்தோடு நெதர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு முகாம்களில் வைக்கப்பட்டார்கள். தனி நாடு கிடைக்கும், ஊர் திரும்பலாம் என்று காத்திருந்த பெற்றோரின் ஏமாற்றத்தைப் பார்த்து வளர்ந்த இளைஞர்கள் ஏழு பேர், 1975 டிசம்பர் 2 அன்று வெய்ஸ்டர் என்ற ஊரருகே ஒரு ரயிலை நிறுத்தினார்கள். ஓட்டுநர் அங்கேயே கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் பயணிகள் இருவரைச் சுட்டார்கள். ஜன்னல்களில் செய்தித்தாள்கள் ஒட்டப்பட்டன. வெளியே உறைபனிக் குளிர்.

அந்தப் பெட்டிக்குள் நடந்த ஒரு சம்பவத்தைப் பிணைமீட்புப் பயிற்சிகளில் இன்றும் எடுத்துச் சொல்கிறார்கள். கொல்வதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் ஹெரார்ட் ஃபாடர்ஸ். உள்ளூர் நாளிதழ் ஒன்றின் ஆசிரியர். சாகும் முன் மனைவிக்குச் சில வார்த்தை சொல்லியனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டார். கடத்தியவர்களில் ஒருவன் உட்கார்ந்து கேட்டான். மணவாழ்க்கையில் பட்ட கஷ்டங்கள், வளர்ப்புப் பிள்ளை, செய்யத் தவறியவை எல்லாவற்றையும் ஃபாடர்ஸ் ஒளிக்காமல் சொன்னார். கேட்டவர்களால் அவரைச் சுட முடியவில்லை. அவருக்குப் பதிலாக இன்னொருவர் வாசலுக்குக் கொண்டுபோகப்பட்டார். பெயரும் குடும்பமும் உள்ள மனிதராகத் தெரிந்துவிட்டவரைக் கொல்வது கடினம் என்ற பாடத்தை நிபுணர்கள் இதிலிருந்து எடுத்தார்கள். பதிலாக இறந்தவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பாடம் முழுமையாகும்.

பன்னிரண்டு நாள் கழித்து, டிசம்பர் 14 அன்று கடத்தியவர்கள் சரணடைந்தார்கள். குளிரும் களைப்பும் பாதி வேலையைச் செய்தன. மீதியைச் செய்தவர்கள் அதே சமூகத்தின் பெரியவர்கள்: நாடுகடந்த மலுக்கு அரசின் தலைவராக இருந்த மனுசாமாவும், சுட்டுக் கொல்லப்பட்ட முந்தைய தலைவர் சௌமோகிலின் மனைவி யோசினாவும்.

1977 மே 23 அன்று இதே கோரிக்கைக்காக இன்னொரு ரயில் டே புண்ட் என்ற இடத்தில் நிறுத்தப்பட்டது. அதே நேரத்தில் போவன்ஸ்மில்டே ஊர்ப் பள்ளியில் 105 குழந்தைகளும் ஆசிரியர்களும் சிறைபிடிக்கப்பட்டார்கள். குழந்தைகளுக்கு வயிற்றுக்கோளாறு பரவியதால் நான்கே நாளில் குழந்தைகளை மட்டும் விட்டுவிட்டார்கள். ரயிலோடு தொலைபேசியில் பேசியவர் டிக் மல்டர் என்ற மனநல மருத்துவர். சாப்பாடு, போர்வை, மருந்து என்று சின்னச் சின்ன விஷயங்களைப் பேசி நாளைக் கடத்துவது அவருடைய முறை. அவசரத்தில் எடுக்கும் முடிவுதான் உயிரைக் குடிக்கும். நேரம் போகப் போகக் கோபம் தணியும் என்பது அதன் அடிப்படை. கர்ப்பிணிகள் இருவர் ஜூன் 5 அன்று வெளியே வந்தார்கள். அதே சமயம் இரவில் ரயிலருகே ஊர்ந்து போன வீரர்கள் ஒட்டுக்கேட்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். யார் எந்த இருக்கையில் தூங்குகிறார்கள் என்பதுவரை அரசுக்குத் தெரிந்தது. இருபதாம் நாள் விடியலில் போர் விமானங்கள் ரயிலின் கூரையை உரசுவதுபோல் பறந்து காதைப் பிளக்க, கடற்படை வீரர்கள் சுட்டபடி ஏறினார்கள். கடத்தியவர்களில் ஆறு பேரும் பயணிகள் இருவரும் இறந்தார்கள். செயலிழந்து கிடந்த கடத்தல்காரர்களை வீரர்கள் சட்டத்துக்குப் புறம்பாகச் சுட்டுக் கொன்றார்களா என்ற வழக்கு நெதர்லாந்து நீதிமன்றங்களில் பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஓடியது.

2025 மார்ச் 11 அன்று பாகிஸ்தானின் போலான் கணவாயில் ஜாஃபர் எக்ஸ்பிரஸைப் பிடித்த பலுச் ஆயுதக் குழு, கைதிகளைப் பரிமாறிக்கொள்ள 48 மணி நேரம் கெடு கொடுத்தது. கெடு முடியும் முன்பே, மறுநாள் ராணுவ நடவடிக்கையில் எல்லாம் முடிந்தது. அங்கே தூதர் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

தூதர் என்ற அந்த ஆளைப் பற்றி மதுரைச் சமவெளிக்குப் பழைய அனுபவம் உண்டு. அழகர்மலை அடிவாரத்திலும் மேலூர் வட்டாரத்திலும் மாடு களவு போனால், பறிகொடுத்தவர் காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன் ஓர் இடையாளைத் தேடிப் போவார். இடையாள் திருடரும் அல்ல, மாட்டுக்காரரின் உறவும் அல்ல; இரு பக்கமும் வாக்குச் சுத்தமானவர் என்று பெயர் எடுத்தவர். மாட்டு விலையில் ஒரு பங்கைப் பேசி முடித்துக் கொடுத்தால், குறித்த இடத்தில் மாடு கட்டிக்கிடக்கும். இதற்குத் துப்புக்கூலி என்று பெயர். பிரிட்டிஷ் கால மாவட்டக் குறிப்புகளில் இது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. அதே வட்டாரத்தில் தீராத வழக்குகளை அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதியின் மூடிய கதவுக்கு முன் சத்தியம் செய்து முடிப்பதும் வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவனைக் கருப்பு விடாது என்ற அச்சம்தான் அங்கே எழுதாத ஒப்பந்தம். போலீசும் நீதிமன்றமும் எட்டாத இடத்தில் நம்பிக்கையை உண்டாக்க மக்கள் கண்ட வழி அது.

பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மண்ணில் ஒரு பழைய கதை உண்டு. 1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் வந்த கம்பெனிப் படை மதுரைக்கு அருகிலுள்ள கோவில்குடிக் கோயிலின் கதவை எரித்து உள்ளே புகுந்து சாமி சிலைகளை எடுத்துக்கொண்டது. 5,000 ரூபாய் கொடுத்தால் சிலைகளைத் திருப்பித் தருவதாகப் பேரம் பேசியது. பணம் வரவில்லை. மே 29 அன்று அழகர்மலைக்கு வடக்கே நத்தம் கணவாயில் படை நீண்டு போய்க்கொண்டிருந்தபோது, சுற்று வட்டாரத்தார் பின்வரிசையைத் தாக்கி, ‘சாமி, சாமி’ என்று கத்தியபடி தங்கள் தெய்வங்களை மீட்டுக்கொண்டு போனார்கள். கம்பெனியின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் இதை விவரித்திருக்கிறார். ஹெரான் பிறகு ராணுவ விசாரணைக்கு ஆளாகிப் பதவி இழந்தார்.

தமிழ்நாட்டில் நடந்த மிக நீண்ட பிணைமீட்புப் பேச்சு 108 நாள் நீடித்தது. 2000 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை இரவு, தாளவாடி அருகே தொட்டகாஜனூரில் தம் பண்ணை வீட்டில் இருந்த கன்னட நடிகர் ராஜ்குமாரை, காட்டில் பதுங்கி வாழ்ந்த சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் கூட்டிக்கொண்டு போனார். ராஜ்குமாருக்கு அப்போது 71 வயது. மருமகன் கோவிந்தராஜு, உறவினர் நாகேஷ், உதவி இயக்குநர் நாகப்பா ஆகியோரும் உடன் கொண்டுபோகப்பட்டார்கள். வீட்டில் நின்ற மனைவி பர்வதம்மாளின் கையில் ஒரு கேசட் தரப்பட்டது. கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணாவிடம் சேர்க்க வேண்டியது. அந்தக் கேசட்டிலிருந்துதான் எல்லாப் பேச்சும் தொடங்கியது.

இடம் தமிழ்நாட்டு எல்லைக்குள். கடத்தப்பட்டவர் கர்நாடகத்தின் உயிர்மூச்சு. பெங்களூரில் கடைகள் அடைக்கப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன, தியேட்டர்கள் இருண்டன. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தை அனுபவித்த பெங்களூர்த் தமிழர்கள் வீட்டுக்குள் பயந்துகொண்டு இருந்தார்கள். ஒரு முதியவருக்கு ஏதாவது ஆனால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை கிருஷ்ணாவும் மு. கருணாநிதியும் அறிந்திருந்தார்கள். கேசட் வந்த மறுநாளே இருவரும் சென்னையில் கூடினார்கள். நக்கீரன் ஆசிரியர் கோபாலைத் தூதராக அனுப்ப முடிவானது. 1997இல் கர்நாடக வனத்துறை ஊழியர்கள் ஒன்பது பேரை வீரப்பன் பிடித்துவைத்தபோது பேசி மீட்டவர் அவர்.

கோரிக்கைகளைப் பார்த்தால் காட்டுக்குள் இருந்தவர் வீரப்பன் மட்டும் அல்ல என்பது தெரியும். தமிழ்த் தேசிய ஆயுதக் குழுவினர் அவரோடு சேர்ந்திருந்தார்கள். காவிரிக்கு நிலையான தீர்வு, 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு இழப்பீடு, கர்நாடகத்தில் தமிழுக்கு நிர்வாக மொழித் தகுதி, பெங்களூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலையைத் திறப்பது, நீலகிரியில் பச்சைத் தேயிலைக்குக் கிலோ 15 ரூபாய், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு, வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் அத்துமீறல்களை விசாரித்த சதாசிவா குழுவின் பணியைத் தொடர விடுவது. இவற்றோடு ஆள் விடுதலை: மைசூர்ச் சிறையில் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் இருந்த 51 பேர், தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்த ஐந்து பேர்.

இந்தப் பட்டியலில் எது பேரத்துக்கு, எது பிரகடனத்துக்கு என்று பிரித்தறிவதுதான் தூதரின் முதல் வேலை. காவிரியை ஒரு கேசட்டில் தீர்க்க முடியாது என்பது காட்டில் இருந்தவர்களுக்கும் தெரியும். இரு அரசுகளும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எழுத்தில் பதில் தயாரித்தன. சிலவற்றுக்குச் சம்மதம், சிலவற்றுக்குப் பரிசீலனை, சில நடுவர் மன்றத்தின் முன் இருப்பதாக விளக்கம். கோபால் காட்டுக்குள் போவார். நாட்கணக்கில் தகவல் இருக்காது. திரும்பும்போது புதிய கேசட்டும் புகைப்படமும் வரும். ராஜ்குமார் நலமாக இருப்பதாகத் தம் குரலில் ரசிகர்களிடம் அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்ட ஒலிநாடா பெங்களூரின் சூட்டைத் தணித்தது. உயிரோடு இருப்பதற்கான சாட்சி என்பது எந்தப் பிணைமீட்பிலும் முதலில் கேட்டு வாங்க வேண்டியது. இங்கே அது ஒரு நகரத்தின் பாதுகாப்பாகவும் இருந்தது. வீரப்பன் டிரான்சிஸ்டரில் செய்தி கேட்பவர். சென்னையிலும் பெங்களூரிலும் அமைச்சர்கள் நிருபர்களிடம் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் அன்றிரவே காட்டில் கேட்டது.

உண்மையான பேரம் கைதிகளைச் சுற்றியே நடந்தது. கர்நாடக அரசு 51 பேர் மீதான தடா வழக்குகளைத் திரும்பப்பெற முன்வந்தது. மைசூர் தனி நீதிமன்றமும் இசைந்தது. அப்போது ஒரு முதியவர் குறுக்கே வந்தார். 1992 ஆகஸ்ட் 14 அன்று மீண்யம் அருகே வீரப்பன் கும்பல் பதுங்கித் தாக்கியதில் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோடு கொல்லப்பட்ட சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவின் தந்தை அவர். தன் மகனைக் கொன்ற வழக்கில் தொடர்புடையவர்களை, வேறொருவரை மீட்பதற்காக விடுவது எந்தச் சட்டத்தில் சரி என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பர் 7 அன்று நீதிபதிகள் பரூச்சா, மொஹபாத்ரா, சபர்வால் அடங்கிய அமர்வு வழக்கைத் திரும்பப்பெறும் அனுமதியை ரத்துசெய்தது. அரசு வழக்கறிஞர் சுதந்திரமாகச் சிந்தித்து எடுக்க வேண்டிய முடிவை அரசு திணித்ததையும், இப்படி விட்டால் நாளை என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்காததையும் தீர்ப்பு கண்டித்தது. பேச்சு மேசையில் நாற்காலி இல்லாத ஒருவர் அதன் விலையைக் கேட்டு வாங்கிய தருணம் அது.

அந்த 51 பேரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் மலைக் கிராமங்களின் ஏழைகள். வீரப்பன் கும்பலின் 1993 பாலாறு கண்ணிவெடித் தாக்குதலுக்குப் பிறகு அதிரடிப்படை அள்ளிச் சென்றவர்கள். ஏழாண்டாக ஜாமீனும் இல்லை, முடிந்த விசாரணையும் இல்லை. நடிகரைக் கடத்தாமல் இருந்திருந்தால் அவர்களின் பெயரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 2001இல் மைசூர் தடா நீதிமன்றம் ஏழு பேரைத் தண்டித்து மற்றவர்களை விடுவித்தது. குற்றமற்றவர்கள் என்று நீதிமன்றமே சொன்ன மனிதர்கள் இவ்வளவு காலம் சிறையில் வாடியது இந்த வரலாற்றின் மிகப் பெரிய அநீதி.

காட்டில் இதற்கிடையே பலதும் நடந்தது. செப்டம்பர் 28 அன்று நாகப்பா தப்பி ஓடிவந்தார். பேச்சு முறியும் நிலை. அப்போதுதான் மதுரைக்காரரான பழ. நெடுமாறன், பேராசிரியர் கல்யாணி, புதுச்சேரியின் சுகுமாரன் ஆகியோர் கோபாலோடு சேர்ந்தார்கள். பத்திரிகையாளரிடம் பேசாத ஒன்றை, தமிழ்த் தேசிய அரசியலில் மதிக்கப்பட்ட ஒரு முதியவரிடம் அந்தக் குழு பேசியது. மனுசாமா வெய்ஸ்டரில் செய்த வேலையும் இதுதான். அக்டோபர் 16 அன்று கோவிந்தராஜு விடுவிக்கப்பட்டார். தீர்ப்பு வந்து எட்டாம் நாள், நவம்பர் 15 அன்று ராஜ்குமாரும் நாகேஷும் வெளியே வந்தார்கள். கைதிகள் விடப்படாமலேயே அவர் எப்படி விடப்பட்டார் என்ற கேள்வி உடனே எழுந்தது. பெருந்தொகை கைமாறியதாக அப்போது கர்நாடகக் காவல்துறைத் தலைவராக இருந்த தினகர் பின்னர் ஒரு நூல் எழுதினார். ஆட்சியில் இருந்தவர்கள் மறுத்தார்கள்.

இரண்டே ஆண்டில் அதே காட்டில் பேச்சு தோற்றது. 2002 ஆகஸ்ட் 25 அன்று கர்நாடக முன்னாள் அமைச்சர் எச். நாகப்பா காமகெரேயில் கடத்தப்பட்டார். தூது போக யார் இருந்தார்கள்? நெடுமாறன் அந்த மாதம் முதல் தேதியே பொடா சட்டத்தில் கைதாகிச் சிறையில் இருந்தார். வீரப்பன் கேட்ட கொளத்தூர் மணியும் சிறையில். கோபாலும் அடுத்த ஆண்டு பொடாவில் கைதானார். ஒரு நெருக்கடியில் தூது போன நெடுமாறன் அடுத்த நெருக்கடியில் கம்பிக்குள் இருந்தார். டிசம்பர் 8 அன்று நாகப்பாவின் உடல் காட்டில் கிடைத்தது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். அரசை நிர்ப்பந்திக்க ஆளைக் கடத்துவதற்கு மரணதண்டனைவரை விதிக்கும் 364ஏ பிரிவு 1993இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 140(2). பிணைக்கைதிகள் பிடிப்புக்கு எதிரான 1979ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1994இல் சேர்ந்தது. விமானக் கடத்தலுக்கென 2016இல் தனிச் சட்டம் வந்தது. ரயிலுக்கு அப்படி ஒன்று இல்லை. ரயிலில் சட்டம் ஒழுங்கு மாநில ரயில்வே போலீசின் பொறுப்பு. ரயில்வே சொத்தும் பயணிகள் பாதுகாப்பும் மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படையின் பணி. மாநில எல்லை தாண்டும் ரயிலில் யார் பேசுவது என்பதை நெருக்கடி வந்த பிறகு முடிவு செய்வதற்கு நேரம் இருக்காது.

வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படையால் சுட்டுக் கொல்லப்பட்டார். ராஜ்குமார் 2006 ஏப்ரலில் காலமானார். அதிரடிப்படையால் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 2.80 கோடி ரூபாய் இழப்பீடு அறிவித்தது. பதினெட்டு ஆண்டு சாக்குத் துணிக்குள் இருந்த பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று கருணாநிதியும் எடியூரப்பாவும் திறந்துவைத்தார்கள். நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ராஜ்குமார் கடத்தல் வழக்கு கோபிசெட்டிபாளையம் நீதிமன்றத்தில் நடந்தது. கேசட்டைக் கையில் வாங்கிய பர்வதம்மாள் 2017 மே மாதம் இறந்தார். 2018 செப்டம்பர் 25 அன்று, குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி, எஞ்சியிருந்த ஒன்பது பேரையும் நீதிமன்றம் விடுவித்தது.